ரிலீவர் வந்தாச்சா?

காலை ஆறு மணிக்குக் கால் மணி இருக்கையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட்காரர்கள் எல்லோருடைய கண்ணும் கேட் பக்கம்தான். அடுத்த ஷிப்டுக்கு நம் இடத்தில் நிற்கவேண்டிய ரிலீவர் வந்தால் வீடு. வராவிட்டால் அதே மெஷினில் இன்னும் எட்டு மணி நேரம். போன் போட்டால், "கவரப்பேட்டை தாண்டிட்டேண்ணே" என்று பதில் வரும். அவன் இன்னும் பொன்னேரியில்தான் நிற்கிறான் என்பதைப் பின்னால் கேட்கும் ஸ்டேஷன் அறிவிப்பு காட்டிக்கொடுத்துவிடும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் உடம்பைக் கவனித்தால் தெரியும். தோள் காதுக்கு ஏறியிருக்கும், பல் கடித்திருக்கும், வயிறு பிசையும். வேலை செய்த எட்டு மணி நேரத்தில் இதெல்லாம் இல்லை.

*

ரீ-ரோலிங் மில்லில் செக்கச்செவேல் என்று கம்பி ஓடிவரும் இடத்தில் நிற்பவர்கள் வெக்கையைப் பற்றி அதிகம் புலம்பி நான் கேட்டதில்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மோரை மடக்கென்று குடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். வெக்கை இத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்திருக்கிறது. எப்போது முடியும் என்று தெரியாததுதான் ஆளைத் தின்கிறது.

1970 வாக்கில் ஜே வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். அதிர்ச்சியின் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒரு கூட்டத்துக்கு மட்டும் முன்னால் ஓர் ஒலி எழுப்பினார். அந்த எலிகளின் வயிற்றில் புண் குறைவாக இருந்தது. எச்சரிக்கை இல்லாமல் அடி வாங்கியவற்றுக்குத்தான் வயிறு வெந்துபோனது. பாவம் எலிகள். ஆனாலும் சிப்காட்டில் பலர் சட்டைப் பையில் அல்சர் மாத்திரை ஏன் இருக்கிறது என்று யோசிக்கும்போது அவை நினைவுக்கு வருகின்றன.

*

கேட்டைப் பார்த்து நிற்கும் அந்தக் கால் மணிக்குக் கைவசம் இருப்பது மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். பாய் வேண்டாம், கண் மூட வேண்டாம், கேட்டைப் பார்த்தபடியே செய்யலாம். ரிலீவரை இது வரவழைக்காது. வந்ததும் அவன்மேல் எரிந்து விழாமல் இருக்க உதவும்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் மன அழுத்தம் குறைய யோகா வகுப்பு வைத்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வகுப்பு. கம்பெனி பஸ் இரண்டேகாலுக்கு.

*

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்கள் தியானம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்றார்கள். 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை. நின்றே வேலை செய்பவர்களுக்கு, இடைவெளி கிடைத்தால் உட்கார ஓர் இருக்கை. ஸ்டூல்தான், வேறென்ன. கடை ஊழியர்களுக்கு அந்த உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு சட்டமாக்கியது 2021-இல்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று அரசுத் தரப்பில் கணக்குச் சொன்னார்கள். டீக்கடையில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: பன்னிரண்டு முடிந்தும் ரிலீவர் வரலேன்னா?

*

ஆறுதலைக் கோயிலில் தேடுபவர்களும் உண்டு. பொன்னேரி அருகே சிறுவாபுரி முருகன் கோயிலுக்குத் தொடர்ந்து ஆறு செவ்வாய் போனால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. வாடகை வீட்டுக்காரர்களும், கட்டிய வீட்டுக்குத் தவணை கட்டுபவர்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைக்கு முந்தைய இரவே கூட்டம் வந்து படுத்துவிடும். நோய் கரையட்டும் என்று காலையில் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். பலன் அவரவர் அனுபவம். ஆறு வாரமும் செவ்வாய்க்கிழமையை யாரும் பிடுங்கிக்கொள்ள விடாமல் வைத்திருப்பதே ஷிப்ட்காரனுக்குச் சாதாரண காரியமில்லை என்பது என் எண்ணம். டாஸ்மாக் வாசலில் தேடும் ஆறுதலுக்குக் கிழமை கிடையாது. அதுதான் அதன் ஆபத்தும்.

*

ஷிப்ட் சுற்று பற்றி நிறைய யோசித்தாயிற்று. நான் வேலை செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் பின்னோக்கி மாறும்: நைட் முடிந்து மதியம், மதியம் முடிந்து காலை, காலை முடிந்து மறுபடி நைட். நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. அதனால் முன்னோக்கி மாறுவதுதான் உடம்புக்குச் சுலபம் என்கிறார்கள் தூக்கத்தை ஆராய்பவர்கள். காலை, மதியம், இரவு என்று மாற்றித் தரச் சொல்லி ஒரு மனு எழுதினேன்.

கையெழுத்து கேட்டபோது விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் பேனாவை வாங்கவே இல்லை. "காலை ஷிப்ட் வாரம் சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வெளிய வந்தா திங்கள் ராத்திரி பத்துக்குத்தான் பஞ்ச். 56 மணி நேரம்ணே. அதுல கை வைக்காதீங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் முறையில் அதிகபட்சம் 48; நைட் வாரத்துக்குப் பிறகு வெறும் 24. இங்கிருந்து சென்னையைக் குறுக்கே கடந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். அவருக்கு அந்த எட்டு மணி நேரம் என்பது மகளோடு ஒரு திங்கட்கிழமைக் காலை. உள்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவரிடம் நான் என்ன வாதாடுவது?

மனுவைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதியிருக்கிறேன். இரண்டே கோரிக்கை. யாருக்கு ஆஃப் மாறுகிறது, யாருக்கு டபுள் ஷிப்ட் என்ற சார்ட் இப்போது ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை வியாழக்கிழமையே நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ரிலீவர் வராத நாளுக்கு என்று ஓர் ஆளை முன்கூட்டியே பெயர் போட்டு வைக்க வேண்டும். இதற்கு விழுப்புரத்துக்காரர்தான் முதல் கையெழுத்து.