மாணவன் கையில் இருப்பது யாருடைய பணம்?

சென்ற ஆண்டு இளைஞர் முகாம் ஒன்றில் கேள்வி பதில் நேரம். முதலாமாண்டு பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் எழுந்தார். மனத்தை ஒருமுகப்படுத்துவது பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ வேறு.

"ஐயா, என் தந்தை மாதந்தோறும் ஐயாயிரம் ரூபாய் அனுப்புகிறார். நண்பர்களோடு சேர்ந்து செலவு செய்தால் இரவில் மனம் உறுத்துகிறது. ஒதுங்கிக்கொண்டால் ‘கஞ்சன்’ என்கிறார்கள். சில வேளை எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. சிக்கனம் என்பது நல்ல குணமா, அல்லது இல்லாதவனின் கட்டாயமா?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நான் சொன்னது போதாது என்பது வீடு திரும்பும் வழியிலேயே புரிந்துவிட்டது. கல்லூரி மாணவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கும் குறிப்புகளுக்கு இன்று பஞ்சமில்லை. பழைய புத்தகம் வாங்குங்கள், பேருந்துச் சலுகை அட்டை எடுங்கள், விடுதியிலேயே உண்ணுங்கள் என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். யாவும் பயனுள்ளவையே. ஆனால் அவை ‘எப்படி’ என்ற வினாவுக்கு விடை. அந்த மாணவர் கேட்டதோ ‘ஏன்’.

இதே உறுத்தலை நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு லண்டனில் ஒரு மாணவர் அனுபவித்திருக்கிறார். 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. சட்டம் பயிலச் சென்றவரை முதலில் பற்றிக்கொண்டது ஆங்கிலேயக் கனவான் ஆகிவிட வேண்டும் என்ற மோகம். பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு மாலை விருந்து உடை. 19 ஷில்லிங்குக்கு உயரமான தொப்பி. ஊரிலிருக்கும் அண்ணன் அனுப்பித் தந்த இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி. நடனம் பயில 3 பவுண்டு கட்டினார். நடனத்தின் தாளம் பிடிபடவில்லை. எனவே மேலைநாட்டு இசையில் செவி பழகட்டும் என்று இன்னொரு 3 பவுண்டுக்கு வயலின் வாங்கினார். பேச்சுக்கலை ஆசிரியருக்கு ஒரு கினி. ஒரு வீண் செலவு தன் துணைக்கு இன்னொன்றை அழைத்து வருவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை நிகழ்ச்சியை நான் படித்ததில்லை.

அந்த மோகம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. பிறகு தமக்குத்தாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டார். ஆயுள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம்? நடனம் ஆடினால் கனவான் ஆகிவிடுவோமா? வயலினை இந்தியாவிலும் கற்கலாமே? நான் மாணவன், படிக்க அல்லவா வந்தேன்? பேச்சுக்கலை ஆசிரியருக்கும் நடன ஆசிரியருக்கும் கடிதம் எழுதி விடைபெற்றார். வயலினை வந்த விலைக்கு விற்றுவிடும்படி இசை ஆசிரியையிடம் ஒப்படைத்தார்.

செலவைப் பாதியாகக் குறைக்க முடிவு செய்தவர், ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விட்டுத் தனி அறைகளுக்கு மாறினார். அலுவல் உள்ள இடத்திற்கு அரை மணியில் நடந்து போகும்படி இருப்பிடத்தைத் தேர்ந்தார். வண்டிக் கட்டணம் மிஞ்சியது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்ததால் உடலும் உறுதிப்பட்டது. பிறகு அதையும் விட்டு ஒரே அறைக்கு மாறினார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும். நண்பகல் உணவு வெளியே. இரவில் ரொட்டியும் கோக்கோவும். நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்னியில் வாழ முடிந்தது என்று எழுதுகிறார். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்ற அந்நாள் கணக்கின்படி பார்த்தால், அந்த ஒரு விருந்து உடையின் விலையில் 160 நாட்கள் வாழ்ந்திருக்கலாம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அவரை மாற்றியது எது என்பதே. பணம் தீர்ந்துவிடவில்லை, அண்ணன் லட்சுமிதாஸ் கேட்டபோதெல்லாம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். தாம் பணம் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஊரில் அண்ணன் என்ன பாடுபட்டு அதைத் திரட்டுகிறார் என்ற நினைவே தம்மை வருத்தியதாகச் ‘சத்திய சோதனை’யில் அவர் எழுதுகிறார். தம்மைவிட எளிய மாணவர்கள் சேரியில் வாரம் இரண்டு ஷில்லிங் வாடகை அறையில் இருந்து படிப்பதைக் கண்டது இன்னொரு காரணம். இல்லாமையால் வந்த சிக்கனம் அன்று அது. தம் கையிலிருக்கும் காசு இன்னொருவரின் வியர்வை என்று கண்டுகொண்டதால் வந்தது.

இந்த நோக்கில் பார்த்தால் மாணவன் என்பவன் விசித்திரமான நிலையில் இருப்பவன். செலவழிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஈட்டிய உரிமை இல்லை. நமது பழைய குருகுல முறையில் பிரம்மசாரி பிச்சை எடுத்து வந்த உணவை முதலில் குருவின் முன் வைத்து, அவர் அனுமதி பெற்ற பின்னரே உண்ண வேண்டும் என்று விதித்திருந்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் இதுவே விதி. தான் கற்கும் கல்விக்குப் பின்னால் ஊராரின் சோறு இருக்கிறது என்பதை அவன் நாள்தோறும் கையில் ஏந்தி உணர வேண்டும் என்பது அதன் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

இன்று அந்த ஓடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைபேசித் திரையை விரலால் தொட்டதும் பணம் போய்விடுகிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கையில் தோன்றும் தயக்கம்கூட இல்லை. ஆயினும் கொடுத்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்துல் கலாம் அவர்கள் சென்னை தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் சேரத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தந்தையிடம் இல்லை. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். என் சொந்த உழைப்பில் அந்த வளையல்களை மீட்பேன் என்று கலாம் மனத்துள் உறுதி பூண்டார். அதற்கு அன்று அவரிடமிருந்த ஒரே வழி, நன்கு படித்து உதவித்தொகை பெறுவது. அந்த வளையல்களை நினைத்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்த இளைஞருக்குச் சிக்கனக் குறிப்புகளை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருக்குமா?

கொடுத்தவரை நினைப்பது என்றால் செலவைக் குறைப்பது மட்டும்தானா? இல்லை என்பதற்கும் லண்டன் மாணவரிடமே சான்று இருக்கிறது. அக்காலத்தில் பாரிஸ்டர் தேர்வு எளிது. ரோமானியச் சட்டத்திற்குச் சில வாரங்களும் பொதுச் சட்டத்திற்கு இரண்டு மூன்று மாதங்களும் உரைக்குறிப்புகளைப் புரட்டினால் தேறிவிடலாம். பலர் அப்படித்தான் தேறினார்கள். காந்தி பாட நூல்களையே விலைக்கு வாங்கி, அனைத்தையும் படித்தார். பணம் போட்டு வாங்கிய நூல்களைப் படிக்காமல் இருப்பது மோசடி என்று தமக்குத் தோன்றியதாகக் காரணம் கூறுகிறார். ரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்தார். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைப் படித்து முடிக்க ஒன்பது மாத உழைப்பு பிடித்தது. 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார்.

‘மோசடி’ என்பது கடுமையான சொல். ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கும் கிடைக்கவில்லை. ஒரு கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 180 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு என்றும் கொள்வோம். ஒரு மணி நேர வகுப்பின் விலை 100 ரூபாய். தேநீருக்குப் பத்து ரூபாய் செலவாயிற்றே என்று வருந்தும் மாணவர், ஒரு பிற்பகல் வகுப்பைத் தவிர்த்து மரத்தடியில் கழிக்கும்போது இருநூறு, முந்நூறு ரூபாய் போவதை உணர்வதில்லை. அது எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. வகுப்பில் அமர்ந்தபடியே மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் நிலையும் அதுவே. எளிய வாழ்க்கை தமக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தது, அதனால் தேர்வில் தேற முடிந்தது என்று லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வைப் பற்றி எழுதும்போது காந்தி சொல்கிறார். முதல் முறை அவர் அத்தேர்வில் இலத்தீனில் தோற்றவர்.

கல்விக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பல வீடுகளில் பெற்றோர் இதை மாணவரிடம் பேசுவதே இல்லை. நான்கு இலட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதும் இல்லை. அதனால் அந்தக் கடன் உறங்குகிறது என்று மாணவர் நினைத்துவிடுகிறார். ஆண்டு தொடக்கம்தோறும் ஓர் இலட்சம் வீதம் நான்காண்டுகள் பெற்று, வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிவட்டிக் கணக்கிலேயே முதலாண்டு 10,000, அடுத்து 20,000, 30,000, 40,000, காத்திருக்கும் ஐந்தாம் ஆண்டில் மீண்டும் 40,000. முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். படிக்கும்போதே விடுமுறையில் சிறு வேலை செய்தோ, உதவித்தொகையில் மிச்சம் பிடித்தோ வட்டியையாவது கட்டிவந்தால் அந்தச் சுமை தந்தையின் தோளில் ஏறாது. இக்கணக்கை முதலாண்டிலேயே ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டி வைப்பது எந்த அறிவுரையையும்விடப் பயன் தரும்.

இனி, அந்த மாணவரை உறுத்திய ‘கஞ்சன்’ என்ற பட்டத்திற்கு வருவோம். வருவாய் சிறிதாக இருந்தாலும் செலவு அதைவிடப் பெருகாவிட்டால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பொருள் சேர்ப்பதைக் கூறும் ‘பொருள்செயல்வகை’யில் அது இல்லை. ‘வலியறிதல்’ அதிகாரத்தில் இருக்கிறது. தன் வலிமை எவ்வளவு என்று அறிந்தவனின் இயல்பாகவே சிக்கனத்தை அவர் கண்டார் போலும். இவறன்மை எனப்படும் கஞ்சத்தனத்தையோ ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்தில் வைத்து, மற்றக் குற்றங்களோடு ஒன்றாக எண்ணத்தக்கது அன்று, தனியே நிற்கும் குற்றம் என்று ஒதுக்குகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். சிக்கனக்காரர் ஒரு நோக்கத்திற்காகப் பணத்தைக் காக்கிறார். கஞ்சருக்குப் பணமே நோக்கம். உயிர் நண்பன் பசித்திருக்கும்போதும் பையைத் திறக்காதது கஞ்சத்தனம். பிறந்தநாள் விருந்தில் மற்றவர்க்கு இணையாக ஆயிரம் ரூபாய் போட மறுப்பது கஞ்சத்தனம் அன்று. அங்கே ‘என்னால் இயலாது’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு வாராமல்தான் பாதிச் செலவுகள் நடக்கின்றன என்பது என் அனுபவம்.

எதில் குறைக்கலாகாது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. 1913-ல் பரோடா அரசின் உதவித்தொகையோடு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கருக்கு மாதம் கிடைத்தது 11.5 பவுண்டு. அதில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்பினார். எஞ்சியதைக் கொண்டு பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி அவர் வாங்கிய நூல்கள் சுமார் 2000. உடையிலும் பொழுதுபோக்கிலும் கை இறுகியவருக்குப் புத்தகத்தில் கை தாராளம். 1917-ல் நாடு திரும்பியபோது வேறொரு கப்பலில் அனுப்பப்பட்ட அவருடைய நூல்கள், போரில் கப்பல் தாக்கப்பட்டதால் கடலில் மூழ்கின. படித்ததை எந்த நீர்மூழ்கிக் கப்பலும் மூழ்கடிக்க முடியவில்லை.

இன்றைய மாணவருக்கு அந்த அலைச்சல் வேண்டியதில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை என்.பி.டி.இ.எல். வழியாகக் கட்டணமின்றிக் கேட்கலாம்; இந்தியத் தேசிய மின்னூலகம் 2018 முதல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. கல்லூரி நூலகமும் இருக்கிறது. பல இடங்களில் அங்கே தூசுதான் அதிகம். ஆனால் உணவிலும் மருத்துவத்திலும் மிச்சம் பிடிக்க முயல்வது தவறு. காலை உணவைத் தவிர்த்து மாதம் அறுநூறு ரூபாய் சேமித்ததாகப் பெருமையோடு சொன்ன ஒருவரை அறிவேன். செமஸ்டர் தேர்வின்போது வயிற்றுப் புண்ணால் படுத்துவிட்டார். ஏற்கெனவே அரை வயிற்றோடு படிக்கும் பிள்ளைகளிடம் சிக்கனம் பேசுவதோ கொடுமை. அவர்களுக்கு வேண்டியது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உடன் அமர்ந்து உதவும் ஒரு கை. இந்த இதழைப் படிக்கும் அன்பர்களில் பலரால் அதைச் செய்ய முடியும்.

நடைமுறையில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் கணக்கெழுதுவதைத்தான் சொல்வேன். நாகரிக மோகத்தில் திரிந்த அந்த மாதங்களிலும் காந்தி இந்த வழக்கத்தை விடவில்லை. பேருந்துக் கட்டணம், தபால்தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த ஓரிரு காசு என அனைத்தையும் எழுதி, உறங்கும் முன் இருப்பைச் சரிபார்த்தார். பிற்காலத்தில் இலட்சக்கணக்கான பொதுப்பணத்தைக் கையாண்டபோதும் தாம் நடத்திய இயக்கங்களில் கடன் நில்லாது எப்போதும் மிச்சமே இருந்ததற்கு அப்பழக்கத்தையே காரணமாகக் குறிப்பிடுகிறார்.

இதை அந்த மாணவருக்குக் கடிதமாக எழுதினேன். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கணக்கெழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் மாதம் தேநீருக்கும் நொறுக்குத் தீனிக்கும் மட்டும் 1,140 ரூபாய் ஆகியிருந்தது கண்டு திகைத்தாராம். மூன்றாம் மாதத்தில் அது 400-க்குக் கீழே வந்துவிட்டது. அம்மாதம்தான் அறை நண்பருக்கு நள்ளிரவில் கடுங்காய்ச்சல். ஆட்டோவுக்கும் மருந்துக்கும் இவர் 850 ரூபாய் செலவழித்திருக்கிறார். அன்றிரவு மனம் உறுத்தவே இல்லையாம். ஆனால் அந்தத் தொகையை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல் தந்தையைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "அதை என் பேரில் எழுதிக்கொள், தம்பி" என்றாராம் அவர்.