முழுப்பேரும் அரைப்பேரும்



மலைக்குப் போய்வரும் நம் தாய்மாருக்குப் ‘பேர்’ என்ற சொல்லின் பொருளை நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் பெற்ற பேர் ஒன்று. செக்ரோலில் விழும் பேர் மற்றொன்று. கொழுந்து, சொன்ன கிலோவைத் தொட்டால் முழுப்பேர். தொடாவிட்டால் அரைப்பேர். காலைப் பெரட்டில் தொடங்கி அந்தியில் மடுவத்து நிறுவையில் முடிகிற ஒரு பெண்ணின் நாள் அத்தோடு பாதியாகிவிடும். 2021-ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோதும், நம் தோட்டங்களில் எழுந்த கேள்வி ஆயிரம் எப்போது வரும் என்பது மட்டுமல்ல. எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பதும்தான்.

இன்று அந்தப் பேரை எழுதும் கையே மாறிக்கொண்டு வருகிறது. முள் ஆடிய பழைய தராசு இருந்த இடத்தில் இலக்கத் தராசு வருகிறது; நிறை நேரே கணனிக்குப் போகிறது. கையால் எடுத்த கொழுந்தைக் கத்தரியும், பற்றரியில் ஓடும் வெட்டும் இயந்திரமும் எடுக்கத் தொடங்கியுள்ளன. இயந்திரத்துக்கு இரண்டிலையும் ஒரு மொட்டும் தெரியாது. முற்றலையும் காம்பையும் சேர்த்தே வெட்டும். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஸ்டோரில் நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒவ்வொரு துணுக்கையும் கமராக் கண்ணால் பார்த்து, காம்பைக் காற்றால் ஊதித் தள்ளிவிடுகிறது. 1883-இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம்கூட, கொரோனா நாட்களில், 2020 ஏப்ரலில், மண்டபத்தை விட்டுக் கணனிக்குள் போனது. கேகாலைப் பக்கத்து இறப்பர் மலைகளில் இருப்பவர்கள் நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். சீனாவின் ஹைனான் தீவில், மரத்திலேயே கட்டிவைத்தால் தானாகப் பால் வெட்டும் கருவியைப் பரிசோதித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பிசாசின் வேலை என்று சொல்ல நான் வரவில்லை. ஸ்டோர்த் தரையில் குந்தியிருந்து, தூசியைச் சுவாசித்து, கண் பூத்துப்போகும்வரை காம்பு பொறுக்கிய வேலைக்காக யாரும் அழ வேண்டாம். ஆனால் அங்கே குந்தியிருந்த பெண் இப்போது எங்கே? ஆள் கிடைப்பதில்லை என்று கம்பெனிகள் சொல்வதும் பொய்யல்ல. நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், போனது தவறுமல்ல. தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கத் தராசு பொய் சொல்லாது. ஆயினும் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோவை அதற்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு மனிதனின் விரல். கள்ளத் தராசைக் கடவுள் அருவருக்கிறார் என்று பழைய ஏற்பாடு சொல்லும்போது, இரும்பையா அருவருக்கிறார்?

செயற்கை நுண்ணறிவு என்பது இதற்கும் ஒருபடி மேலே. யார் எந்த மலையில் எத்தனை கிலோ எடுத்தார் என்று மாதக்கணக்காய்ச் சேரும் இலக்கங்களைக் கொண்டு, நாளைக்கு எத்தனை ஆள் போதும், யார் வேண்டாம் என்று கணனியே கணித்துச் சொல்லக்கூடும். பிள்ளை மடுவத்தில் காய்ச்சல்காரக் குழந்தையை விட்டுவிட்டு வந்த நாளில்தான் அவளுக்குக் கொழுந்து குறைந்தது என்பது அந்த இலக்கத்துக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். (தெரிந்தும் தெரியாதவர்போல் எழுதுகிற கணக்கப்பிள்ளைமாரும் உண்டு. அவர்களும் இதை வாசிக்கட்டும்.)

திருச்சபைக்கு இது புதிய கவலையல்ல. 1891-இல், ஆலைகள் மனிதரை அரைத்துக்கொண்டிருந்த காலத்தில், பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளருக்காகச் சுற்றுமடல் எழுதினார். இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல், இயந்திரம் மனிதனுக்குத் தோழனாக இருக்கலாம், சில வேளை பகைவனாகவும் மாறலாம் என்று எச்சரித்தார். 2025 மே மாதம் தெரிவு செய்யப்பட்ட நம் திருத்தந்தை பதினான்காம் சிங்கராயர் என்ற பெயரை ஏன் எடுத்தார்? இரண்டே நாளில் கர்தினால்மாருக்கு அவரே காரணம் சொன்னார். அன்று ஆலைப் புரட்சி. இன்று செயற்கை நுண்ணறிவு. மனித மாண்பையும் நீதியையும் தொழிலையும் காக்கும் கடமை மீண்டும் வந்திருக்கிறது என்றார்.

இனி, மத்தேயு இருபதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திராட்சைத் தோட்ட எஜமான் விடியலில் போகிறார், பிறகும் நான்கு தடவை போகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்பதே அவர்கள் பதில். சோம்பேறிகள் என்று பிரசங்கம் செய்வோரை நான் கேட்டிருக்கிறேன். வேதத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. பலமுள்ளவரைக் காலையிலேயே கூட்டிப்போயிருப்பார்கள். மிஞ்சியவர் வயதானவரும் மெலிந்தவருமாகவே இருந்திருக்க வேண்டும். நம் தோட்டத்து மொழியில் சொன்னால், அந்த எஜமான் ஒரு மணிநேரக்காரருக்கும் முழுப்பேர் போட்டார். அந்த ஒரு தெனாரி ஒரு குடும்பத்தின் ஒருநாள் உலை அல்லவா?

இயந்திரம் வந்தபின் சந்தைவெளியில் நிற்கப்போகிறவர் யார் என்பதுதான் நம் கவலை. செக்ரோலில் பேர் இருந்தால் ஊழியர் சேமலாப நிதி உண்டு, பிரசவச் சகாயம் உண்டு. பேரை எடுத்துவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசு கொடுத்து அனுப்பினால் அவையும் போய்விடும். இருக்கும் லயத்துக் காம்பராவைப் பற்றியும் பயம் வரும். ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று கொடி பிடிப்பதைவிட, இயந்திரத்தை ஓட்டவும் திருத்தவும் எங்களையே பழக்குங்கள், பெண்களையும் பழக்குங்கள், பேரை மட்டும் எடுக்காதீர்கள் என்று கேட்பதே புத்தி. இலாபம் கூடினால் அதில் பங்கு கேட்பதும் பாவமில்லை. கொழும்பில் கடைக் கணக்கும் அலுவலகத் தட்டச்சும் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே சோதனை வந்துகொண்டிருக்கிறது. தாயின் சண்டை பழையது என்று அவர்கள் நினைக்க வேண்டாம்.

தாய்மாரே, நிறுவைச் சிட்டை தருகிற தோட்டமானால் அதைக் கசக்கி எறியாதீர்கள். தராசு காட்டிய கிலோ ஒன்று, கழித்த கிலோ ஒன்று, பேரில் விழுந்த கிலோ ஒன்று. மூன்றையும் பிள்ளையிடம் கொடுத்து ஒரு மாதம் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சிட்டை தராத இடமானால், நிறுக்கும்போதே இலக்கத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதுங்கள். மாத முடிவில் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து, தலைவரோடு ஆபீசுக்குப் போய், கழித்தது எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள்.