கடவுளுக்குப் பெயர் உண்டு

1761. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கல்யாணம். மணமகள் சார்லட்டுக்குத் தோழியாக நின்றவர்களில் ஒருவர் லேடி எலிசபெத் கெப்பல், ஆல்பமார்ல் பிரபுவின் மகள். அந்த அலங்காரத்தோடேயே அவரை ஆளுயரத்தில் வரைந்தார் ஜோஷுவா ரெய்னால்ட்ஸ். படம் பெட்ஃபோர்ட் டியூக்குகளின் வோபர்ன் அபி மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

படத்தில் மூன்று உருவங்கள். பட்டாடையில் சீமாட்டி. அவர் பூச்சரம் சூட்டும் கற்சிலை. அது ஹைமன் என்ற திருமணக் கடவுளின் சிலை. கீழே, அந்தப் பூச்சரத்தைத் தாங்கியபடி சீமாட்டியை அண்ணாந்து பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண். சீமாட்டியின் வம்சாவளி முழுவதும் ஏட்டில் இருக்கிறது. சிலைக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன? இன்றுவரை தெரியாது.

ஒரு நாளும் பிறக்காத, ஒரு வேளையும் பசிக்காத கடவுளின் பெயரை மறக்காத சமூகம், பசியும் வலியும் உள்ள ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. (இதை எழுதும்போது என் கை முதலில் ‘அவள்’ என்றுதான் போனது. சீமாட்டிக்கு மட்டும் தயங்காமல் ‘அவர்’ போட்டது. அடித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். நோய் லண்டனில் மட்டும் இல்லை.)

பட்டின் மினுக்கைப் பாருங்கள், என்ன தூரிகை என்பார்கள் கலை ரசிகர்கள். பார்க்கிறேன்; மறுக்கவில்லை, அற்புதம்தான். ஆனால் அந்த வெண்மை அவ்வளவு எடுப்பாகத் தெரிவது எதனால்? பக்கத்தில் ஒரு கறுப்பு முகம் வைக்கப்பட்டிருப்பதால். பிரபுக்களின் படங்களில் நாய், கிளி, கறுப்பினப் பணியாளர் என்று வரிசையாக நிறுத்துவது அன்றைய நாகரிகம். அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை ஆண்டுக்குப் பல்லாயிரம் பேராக விலங்கிட்டு அட்லாண்டிக்குக்கு அப்பால் கடத்திக்கொண்டிருந்தன. அந்த வாணிகம் செல்வத்தையும் கொடுத்தது, படத்துக்கு ஒரு நிறத்தையும் கொடுத்தது.

“அந்தக் காலம் அப்படி” என்கிறீர்களா? எந்தக் காலம்? அதே 1761-இல்தான் லண்டனில் குவேக்கர்கள் என்ற கிறித்தவச் சபையினர், அடிமை வாணிகத்தில் ஈடுபடுவோரைத் தங்கள் சபையிலிருந்து விலக்குவது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் கடவுளை நம்பியவர்கள். அதில் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவராது. ஆனால் அதே கடவுளைக் கும்பிட்டுக்கொண்டே ஆள்பிடித்து விற்றவர்களும் இருந்தார்கள் அல்லவா? அப்படியானால் இருவரையும் பிரித்தது எது? மற்றவர் வலியை எண்ணிப் பார்த்த மூளைதானே?

ஓவியர்களிடமே வருவோம். 1768-இல் பாத் நகரில் தாமஸ் கெயின்ஸ்பரோ ஒருவரை வரைந்தார். அவர் மாண்டேகு டியூக் வீட்டுப் பணியாளர், கறுப்பினத்தவர். இக்னேஷியஸ் சாஞ்சோ என்று பெயர் தெரிகிறது! பொற்கரையிட்ட சிவப்பு உள்சட்டை, அதற்குள் செருகிய கை, கனவான்கள் நிற்கும் அதே தோரணை. யாரையும் அண்ணாந்து பார்க்கவில்லை. யாருக்கும் எதையும் ஏந்தி நிற்கவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தாராம். ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அதே நாடு, அதே பத்தாண்டு, அதே எண்ணெய் வண்ணம். ஒரு மனிதரை மனிதராக வரைய இரண்டு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. பிறகு காலத்தின் மீது எப்படிப் பழி போடுவது? கெயின்ஸ்பரோ ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. கூலிக்குப் பிரபுக்களை வரைந்து பிழைத்தவர்தான்.

ரெய்னால்ட்ஸும் கல்நெஞ்சர் அல்ல. 1787-இல் லண்டனில் ஒரு விருந்து. நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் இருந்தார், அடிமை வாணிகத்தின் கொடுமைகளை அதை எதிர்த்துப் போராடிய தாமஸ் கிளார்க்சன் எடுத்துச் சொன்னார். ரெய்னால்ட்ஸ் அதை ஒழிப்பதற்கு முழு ஆதரவு தெரிவித்தார் என்று கிளார்க்சனே பின்னாளில் எழுதினார். நல்லது. அதற்குள் அவர் சர் பட்டம் வாங்கி, ராயல் அகாடமியின் முதல் தலைவராகி, செல்வமும் சேர்த்திருந்தார். படம் வரைந்து 26 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்த விருந்து நடந்த இரவில் அந்தப் பெண் உயிரோடு இருந்தாரா? இருந்தால் எந்த வீட்டில், யாருக்குக் கைகட்டி? விசாரிக்கலாம்தான். யார் பெயரைச் சொல்லி விசாரிப்பது?