தஹ்ர், வக்த், ஸாஅத்

காலத்தைப் பற்றிப் பேச அரபியில் அன்றாடம் புழங்கும் சொற்கள் எளியவை. இன்று ‘அல்யவ்ம்’, நேற்று ‘அம்ஸ்’, நாளை ‘கதன்’. எகிப்திலும் சிரியாவிலும் பேச்சில் நாளைக்கு ‘புக்ரா’. காலம் என்ற பொதுப்பொருளுக்கு வந்ததும் தஹ்ர், ஸமான், வக்த் என்று பல சொற்கள் எதிர்ப்படுகின்றன. அவற்றின் பின்னால் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது: காலம் தானாகவே செயல்படும் ஆற்றலா, படைக்கப்பட்ட ஒன்றா?

தஹ்ர் என்பது எல்லையற்று நீளும் காலம். இஸ்லாத்துக்கு முந்திய அரபிக் கவிஞர்கள் சாவுக்கும் பிரிவுக்கும் தஹ்ரையே பழித்தார்கள். ஏறக்குறைய விதிக்கு நிகரான பொருள் அது. தஹ்ர் தவிர வேறெதுவும் நம்மை அழிப்பதில்லை என்போரைக் குர்ஆனின் 45ஆம் அத்தியாயம் மறுக்கிறது. தஹ்ரைத் திட்டக் கூடாது என்ற நபிமொழியும் உண்டு. இரவையும் பகலையும் மாற்றுபவன் இறைவன் என்பதால், காலத்தைத் திட்டுவது அவனையே சென்றடையும் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். உலகம் என்றும் இருந்தது என்று வாதிட்டவர்களுக்குப் பின்னாளில் ‘தஹ்ரிகள்’ என்றே பெயர் விழுந்தது.

வழக்கு அத்துடன் தீரவில்லை. மருத்துவரும் தத்துவவாதியுமான அபூபக்ர் அர்ராஸி (இறப்பு 925) அநாதியானவை ஐந்து என்றார். இறைவனோடு ஆன்மா, பருப்பொருள், வெளி, காலம். இறையியலாளர் கஸ்ஸாலி 1095இல் முடித்த ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்ற நூலில் தத்துவவாதிகளின் அநாதி உலகக் கொள்கையைத் தாக்கினார். காலமும் படைப்பே, உலகுக்கு முன் காலம் என்று எண்ணுவது, உலகுக்கு அப்பால் வெளி என்று எண்ணுவதைப் போன்ற கற்பனையின் மயக்கமே என்றார். இந்த விவாதத்தில் மிகக் கூர்மையான வாதம் இதுதான்.

வக்த் வரையறுத்த நேரம். விடியலின் ஃபஜ்ர் முதல் இரவின் இஷா வரை ஐந்து தொழுகைக்கும் தனித்தனி வக்த் உண்டு. தமிழ் முஸ்லிம்களும் ‘வக்து’ என்கிறார்கள். அதைக் கணிக்கவே பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்ற அலுவலர் இருந்தார். டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலில் அப்பணியில் இருந்த வானியலாளர் இப்னு ஷாத்திர், 1371இல் அதன் மினாராவுக்குச் சூரியக் கடிகாரம் செய்தார். சூஃபிகளோ வக்த் என்றால் மனிதன் நிற்கும் இந்தக் கணம் என்று கொண்டு, சூஃபியை ‘இப்னுல் வக்த்’, அதாவது கணத்தின் மைந்தன் என்று அழைத்தார்கள்.

‘ஸாஅத்’ ஒரு மணி நேரத்தையும் கடிகாரத்தையும் குறிக்கும். குர்ஆனில் அது பெரும்பாலும் உலகம் முடியும் வேளை. வரும் காலத்தைப் பற்றியும் அதில் விதி உண்டு: நாளை செய்வேன் என்பவர் ‘இன்ஷா அல்லாஹ்’ (இறைவன் நாடினால்) சேர்ப்பது 18ஆம் அத்தியாயத்தின் கட்டளை. நாளின் தொடக்கமும் வேறு. ஹிஜ்ரி நாட்காட்டியில் நாள் சூரியன் மறைந்ததும் பிறப்பதால் ‘லைலத்துல் ஜுமுஆ’ (வெள்ளியின் இரவு) என்பது நம் கணக்கில் வியாழன் இரவு. ரமலான் பிறை தெரிந்த இரவே அம்மாதத்தின் இரவுத் தொழுகையான தராவீஹ் தொடங்குவதும் அதனால்தான். முதல் நோன்பு தொடங்குவது அதன்பின் வரும் வைகறையில்.