மூலையில் ஒரு நண்டு

என் மகளுக்கு நான்கு வயது. ஆறு மாதமாக அவளுக்கு ஒரே புத்தகம்தான். ஆற்றுக்குக் குளிக்கப் போகும் யானைக்குட்டியின் கதை. புத்தகத்தின் முதுகு கிழிந்ததும் செலோடேப் ஒட்டினேன். அந்த டேப்பும் மஞ்சளாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டினால், "அம்மா, கொக்கு வரலையே!" என்று பிடித்துவிடுவாள்.

அலுப்பு எனக்குத்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் யானைக் கதைகளாகத் தேடித் தேடி ஐந்து புத்தகங்கள் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றையும் ஒரு தடவை கேட்டாள். பிறகு பழையதையே எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அன்றைக்கு மனசு நொந்துபோனது. பழைய புத்தகத்தைப் பரணில் ஒளித்துவைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நல்லவேளை, செய்யவில்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளைவிட, ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்டவர்களிடம் அந்தச் சொற்கள் நன்றாகத் தங்கின. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால், மற்றதையெல்லாம் கவனிக்கப் பிள்ளைக்கு நேரம் கிடைக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இந்த ஆய்வைப் பற்றி அறிந்தபின், படிக்கும்போது அவள் விரலைக் கவனித்தேன். அது யானைமேல் நிற்கவே இல்லை. பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்ன நண்டு. ஒரு பக்கத்தில் கல்லுக்கடியில், அடுத்ததில் யானையின் கால் நகத்தருகே. கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. என் மகள் ஆறு மாதமாகப் படித்தது நண்டின் கதை! படம் வரைந்தவர் பெயரைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிற பழக்கம் நமக்குக் குறைவு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அவரும் ஒரு கதாசிரியர்தான்.

அவளுக்கு வேண்டியது ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம். இன்னொரு பிள்ளைக்கு அது திரும்பத் திரும்ப வரும் ஓர் ஓசையாக இருக்கலாம். இது தெரிந்தபின் தேடுவது சுலபமானது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்து படப் புத்தகங்களைப் புரட்டினேன். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரவில் அங்கேயும் தேடினேன்.

கடைசியில் ஒரு சந்தைக் கதை அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் எங்கேயோ ஒரு பூனை. யானையைப் படித்து முடித்த கையோடு அதையும் திறந்தேன். இரண்டு நாள் பூனையை மட்டும் தேடினாள். மூன்றாம் நாள், "இந்தப் பாட்டி ஏன் கோவமா இருக்காங்க?" என்றாள். கதை உள்ளே போய்விட்டது.

அடுத்த புத்தகம் வாங்குமுன், ஒரு ராத்திரி உங்கள் பிள்ளையின் விரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பழைய புத்தகத்தை மட்டும் எடுத்துவைத்துவிடாதீர்கள்.