வரமும் வரம்பும்

ஒருவர்க்கு ஆற்றல் அளிக்குங்கால் அதன் எல்லையை எங்கே வகுப்பது என்பது பழமையான அறவினா. ஐப்பசியிற் கந்தசஷ்டி நிறைவில், ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் முதலிய தலங்களிற் சூரன்போர் காண்போர் முன்னும் இவ்வினா எழுகின்றது. கடுந்தவஞ் செய்த சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் உரிமையும், சிவசக்தியன்றிப் பிறிதொன்றால் அழியாமையும் பெற்றான். அவ்வரத்திற்குக் காலவெல்லையும் அழிவுவாயிலும் இருந்தன. இருந்தும் அவன் கொடுங்கோலனாயினான். வரம்பு இருந்தும் பயன்படாது போனமைக்குக் காரணம் யாது?

விடை காண ஒரு விளையாட்டுத் துணைபுரியும். 1974இல் அமெரிக்காவிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதில், மேசையைச் சுற்றியமர்ந்தோர் கற்பனை மாந்தராகித் தம் செயலைக் கூறுவர். நடுவர் விளைவை உரைப்பார். ஐயமுள்ளவிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். மந்திரவாதியாக ஆடுபவர் நூலில் இல்லாத மந்திரமொன்றைத் தாமே புனையவும் இடமுண்டு. அதனை நிறுக்கும் படிக்கல் பழைய மந்திரங்களே. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், தீக்கோளம் எறியும் மந்திரம் மூன்றாம் படியினது; எட்டுப் பகடைகளின் கூட்டுத்தொகையே அது விளைக்கும் சேதம். ஐந்தாம் நிலை மந்திரவாதி அப்படிக்குரிய இரு வாய்ப்புகளுடனேயே நாளைத் தொடங்குவார். புதிய மந்திரம் அதே விலைக்கு அதனை விஞ்சுமாயின் நிறை பிழைத்தது எனலாம்.

கற்பனைக்குத் தராசு எதற்கு, யாவரையும் சமமாக்கினாற் சுவை குன்றாதோ என வினவுவர் சிலர். நிறைகாண்டல் என்பது சமமாக்கல் அன்று. வீரனும் வைத்தியனும் பூட்டுத் திறப்போனும் வெவ்வேறு வல்லமையுடையோரே. ஆயின் எல்லாப் பூட்டையும் விலையின்றித் திறக்கும் மந்திரம் ஒன்று வருமாயின், பூட்டுத் திறப்போன் மேசையிலிருந்தும் இல்லாதவனாவான். அவன் எண்ணித் துணிய எதுவும் எஞ்சாது. பிறர் முடிவுக்குப் பொருள் இல்லாமற் செய்யும் ஆற்றலே அநீதியான ஆற்றலாகும்.

இங்கேதான் சூரனின் வரம் விளங்குகின்றது. அதன் எல்லை 108 யுகத்திற்கு அப்பால் நின்றது. தேவரைச் சிறையிட்ட நாளில் அது அவன் கையைத் தடுக்கவில்லை. மந்திரவாதியின் எல்லையோ ஒவ்வொரு பயன்பாட்டிலும் உடன்வருகின்றது. காலையிற் செலவிட்டால் மாலைக்கில்லை என்னும் அறிவே அவரைச் சிந்திக்க வைக்கின்றது.

எல்லையை வகுப்பவர் யார் என்பதும் நோக்கற்பாலது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பு ஒருவர் இருமுறைக்கு மேல் சனாதிபதியாகத் தெரிவாவதைத் தடுத்தது. 2010இற் பதினெட்டாம் திருத்தம் அத்தடையை நீக்கிற்று. 2015இற் பத்தொன்பதாம் திருத்தம் அதனை மீட்டது. ஆற்றலை நுகர்வோரே எல்லையையும் எழுதலாகாது என்பதற்கு இது சான்றாகும்.

அளித்ததைப் பின்னர் குறைத்தல் வாக்குத் தவறல் ஆகாதோ? முன்னறிவிப்பின்றிக் குறைத்தால் ஆகும். ஆடிப்பார்த்துத் திருத்துவோம் என முதலிலேயே கூறி, மேசையிலுள்ளோர் யாவரும் இசைந்தால் ஆகாது. வரங் கொடுப்பவர் வரம்பையும் அப்பொழுதே, யாவரும் கேட்கக் கொடுத்தல் வேண்டும். அதுவே பெறுவோர்க்கும் உடனிருப்போர்க்கும் ஒருங்கே செய்யும் நீதியாம்.