பழுதை மறைத்து விற்கலாமா?



தோட்டத்துக்கு நீர் இறைக்கவென ஒருவர் புதிய இயந்திரம் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாளே அது நின்றுவிடுகிறது. கடைக்குப் போனால், "விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை" என்று கையை விரிக்கிறார்கள். மனம் நொந்த அவர், அதை ஒருவாறு ஓடச்செய்து, பழுதைச் சொல்லாமலே அயலூரவர் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். "என்னை ஏமாற்றினார்கள், என் நட்டத்தைத்தானே ஈடுசெய்தேன்" என்பது அவரது நியாயம். இந்த நியாயம் கடவுள் முன்னிலையில் நிற்குமா?

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதைப்பற்றித் தெளிவாகவே போதித்தார். பழுதை அறிந்திருந்தும் மறைத்து விற்பது வஞ்சகம். அப்படி விற்றவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். அறியாமல் விற்றவரிடம் பாவமில்லை. ஆனால் அறியவந்தபின் அவரும் ஈடுசெய்யவேண்டும். ஒற்றைக்கண் குதிரையின் குறை எவர் கண்ணுக்கும் தெரியும். விலையைக் குறைத்தால் போதும். நொண்டிக் குதிரையை வேகமுள்ளதென்றும், ஆட்டங்கண்ட வீட்டை உறுதியானதென்றும் விற்பதோ அநீதி.

நம் நண்பரின் நிலை இப்போது விளங்குகிறதல்லவா? அவர் தம் பணத்தை மீட்டது கடைக்காரரிடமிருந்து அல்ல. ஒரு பாவமும் அறியாத இன்னொருவரிடமிருந்து. அநீதி தீரவில்லை, ஆள்தான் மாறியது. பழுதைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றிருந்தால் குற்றமில்லை. இப்போதோ, பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. அயலூரவருக்கு ஈடும் செய்யவேண்டும்.

அப்படியானால் ஏமாந்தவர் வாய்மூடி இருப்பதா? அதுவன்று. மனதால் மன்னிப்பதும் உரிமையைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவையல்ல. நாம் மௌனமாயிருந்தால், அதே கடையில் நாளை இன்னோர் ஏழை ஏமாறுவார். அளவைக் குறைத்துப் பதரையும் விற்ற வணிகரை ஆமோஸ் இறைவாக்கினர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

நமது நாட்டுச் சட்டமும் துணைநிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப்பற்றி, வாங்கிய 3 மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம். விசாரணையில் குறை நிரூபணமானால், பணத்தைத் திருப்பிக்கொடுக்கவோ, பொருளை மாற்றித்தரவோ, நட்டஈடு செலுத்தவோ சபை கட்டளையிடலாம். ஆகவே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் சபையுடன் தொடர்புகொள்ளலாம்.

கேட்பதிலும் நேர்மை வேண்டும். நம் கவனயீனத்தால் உடைந்த பொருளுக்குப் புதியதைக் கேட்பதும், கூடுதலாகக் கிடைத்த மீதிக்காசை வைத்துக்கொள்வதும் ஏழாம் கற்பனைக்கு விரோதமே.

பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாதிருப்பவருக்கும், பழுதை மறைப்பவருக்கும், அதைப் பிறர் தலையில் கட்டுபவருக்கும் நீதி ஒன்றுதான். வாசகரே, உங்கள் வீட்டிலிருந்து அயலவர் கைக்குப் போன பொருள் ஏதும் உண்டா? அதன் குறையைச் சொல்லித்தான் கொடுத்தீர்களா?